மூஞ்சிப் பிலிம்

கோலாலம்பூர் பக்கம் புஞ்சாக் ஆலாமில் படிக்கும் என் மகன் எங்கிருந்தோ ஒரு பழைய கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த ஸ்லைடு பிலிம் நல்லது என்று என்னிடம் கேட்கிறான். இப்போது இரண்டு மூன்று வகைதான் வருகிறதாம். அதுவும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிட்டு வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். பச்சையைத் தூக்கிக் காட்டுவது எது, முகத்தைக் கெடுக்காதது எது என்று இணையத்தில் ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையில் நான் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. பத்து வயதிலேயே அதில் பட்டம் வாங்கியவள் நான். பாடம் நடத்தியவர் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், எங்களோடுதான் இருந்தார். வேலை ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில். வேலை போக மிச்ச நேரமெல்லாம் கேமராதான். சாதாரண பிலிமென்றால் கடைக்காரன் படம் போடும்போது கறுப்பைச் சிவப்பாக்கிக் கொடுத்துவிடுவான், ஸ்லைடில் அந்தப் பித்தலாட்டம் நடக்காது, பிலிமில் விழுந்ததுதான் படம் என்பார். கேட்பவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. மீன் விற்கிறவர் லோரியை நிறுத்தினால் அவருக்கும் ஒரு வகுப்பு நடக்கும்.

எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் அவருடைய பிலிம்கள் இருந்தன. பச்சை டப்பாவில் இருந்தது செடி கொடிக்கு. வயலையும் வானத்தையும் அது கண்ணைப் பறிக்கிற மாதிரி காட்டும்; ஆளை எடுத்தால் முகம் செங்கல்லாகிவிடும். இன்னொன்று ஆட்களை எடுப்பதற்கென்றே செய்தது. நான் அதற்கு மூஞ்சிப் பிலிம் என்று பெயர் வைத்திருந்தேன். அது வருவது நின்றுபோய், கோலாலம்பூர் கடைகளும் கையை விரித்த பிறகு, ஒரே ஒரு ரோல் மிச்சம் இருந்தது. மாவுச் சட்டியை எடுக்கும்போது கை பட்டால்கூடச் சித்தப்பா கத்துவார்.

அந்த வருடம் அக்காவுக்கு சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. அவர்கள் முதலில் ஜாதகமும் போட்டோவும் கேட்டார்கள். பிடித்தால்தான் பெண் பார்க்க வருவார்களாம். அக்கா நல்ல கறுப்பு, நல்ல களையான முகம். கறுப்பு மட்டும் தெரிந்து களை தெரியாமல் போய்விடுமோ என்பதுதான் அம்மாவின் பயம்.

"தம்பி, அந்த நல்ல பிலிம்ல எடுங்க. பிள்ளைக்கு ஒரு வழி பொறக்கட்டும்" என்றார் அம்மா.

"நம்ம பிள்ளைக்கு இல்லாத பிலிமா அண்ணி?"

அம்மாவின் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு உச்சி வெயிலில் அக்கா செம்பனை மரங்களுக்கு முன்னால் நின்றாள். அம்மா உள்ளே சமையலில் இருந்தார். சித்தப்பா பச்சை டப்பாவைப் பிரித்தார். "மூஞ்சிப் பிலிம் எங்க சித்தப்பா?" என்று கேட்டேன்.

"அது வேற வேலைக்குப் போயிருச்சு. இதுவும் ஸ்லைடுதான் லா, சும்மா இரு" என்றார் மெதுவாக.

கேமரா விஷயத்தில் சித்தப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் சும்மா இருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணை அழைத்துப் போகிற வழக்கம் கிடையாது. அப்பா, அம்மா, சித்தப்பா, நான் நான்கு பேரும் ஜாதகத்தோடும் படத்தோடும் போனோம். கையகலப் போட்டோவைக் கொடுப்பது சித்தப்பாவின் கௌரவத்துக்கு ஒத்துவரவில்லை. யாரிடமோ புரொஜெக்டர் இரவல் வாங்கி வந்திருந்தார். ஜன்னல்களைச் சாத்தி, சுவரில் வேட்டியைக் கட்டி, முதலில் சிகிஞ்சான் வயல்களைப் போட்டார். அந்தப் பச்சையைப் பார்த்து வீடே வாயைப் பிளந்தது. அடுத்தது அக்கா. சுவர் அகலத்துக்குச் செங்கல் நிறத்தில் ஒரு முகம். கண்ணுக்குக் கீழே வெறும் இருட்டு. பின்னால் மரங்கள் மட்டும் அத்தனை அழகு.

"பொண்ணு ரொம்பக் கலரு கம்மியால்ல இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அது செடிக்கு எடுக்குற பிலிமு" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். மீன்காரரைக்கூட விடாத மனிதர், அன்றைக்குக் குனிந்து புரொஜெக்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஜாதகம் பொருந்தவில்லை என்று இரண்டு நாளில் சொல்லி அனுப்பினார்கள். அம்மா சமையலறையில் அப்பாவிடம், "அந்த ஒசத்தி பிலிம்லயே இவ இப்படித்தான் விழுவான்னா, நாம யாரைக் குறை சொல்றது?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் லயத்து வீட்டில் மெதுவாகச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்கும். பிறகு அக்கா வேலைக்குப் போக வேன் ஏறும் இடம்வரை குடை பிடித்துப் போக ஆரம்பித்தாள். மேகம் மூடியிருந்தாலும் குடைதான். முகத்தில் அப்பிய பவுடர் கழுத்தோடு நின்றுவிடும். போட்டோ என்றால் எழுந்து போய்விடுவாள்.

அந்தத் தீபாவளிக்கு ராவாங்கில் சித்தப்பாவின் மேனேஜர் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. சித்தப்பா அப்போது சூப்பர்வைசராகியிருந்தார். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் எல்லாரும் போனோம். கூடத்தில் பெரிய தங்க நிறச் சட்டம் போட்டு ஒரு போட்டோ மாட்டியிருந்தது. மேனேஜரின் மகள், பிறந்தநாள் கேக்குக்கு முன்னால்.

"உங்க தம்பி எடுத்ததுதான் லா" என்று மேனேஜர் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார். "ஆளுங்கள எடுக்குறதுக்குன்னே உள்ள பிலிமாம். இனிமே கிடைக்காதாம், கடைசி ரோலாம். எங்க பாப்பாவுக்காகவே வச்சிருந்தேன்னாரு."

அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா முறுக்குத் தட்டைப் பார்த்தார். அந்த வேறு வேலை இதுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அக்கா மட்டும் எழுந்து போட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மேனேஜரின் மகளும் அக்கா மாதிரியே நல்ல கறுப்பு. ஒரு துளி வித்தியாசம் சொல்ல முடியாது. படத்தில் அந்தக் கறுப்பு அப்படியே இருந்தது, முகம் விளக்கு ஏற்றியது போல இருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் அக்கா திரும்பவில்லை. கன்னத்துப் பவுடரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தங்கச் சட்டம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.