யாருக்கும் பொருந்தாத நாற்காலிகள்

சோமனூரில் எங்கள் அமைப்பில் மூன்றே பேர்: பிசியோதெரபி செய்யும் அக்கா, வேன் ஓட்டும் அண்ணன், ஆபீஸ் வேலை பார்க்கும் நான். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்குப் பன்னிரண்டு வருடமாகப் போய்வருகிறோம்.

போன வருடம் சரவணம்பட்டியிலிருந்து ஒரு கம்பெனி சக்கர நாற்காலிகள் தருவதாகச் சொன்னது. அக்கா வீடு வீடாகப் போய் ஒவ்வொரு குழந்தைக்கும் இடுப்பு, முதுகு, கால் என்று அளவெடுத்தார். பட்டியலை நான் அனுப்பினேன். வந்து இறங்கியவை அத்தனையும் பெரியவர்களுக்கானவை.

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை உட்காரவைத்ததும் அவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். கழுத்து தொங்கியது.

“ஏனுங்க, நாங்க அனுப்புன அளவைப் பாத்தீங்களா?” என்று அக்கா கேட்டார்.

“மொதல்ல போட்டோ எடுத்துக்கலாம் மேடம். அதுவரைக்கும் யாராவது புடிச்சுக்கங்க,” என்றார் கம்பெனியிலிருந்து வந்திருந்த அதிகாரி.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அண்ணன் சிறுமியைத் தூக்கி அவள் அம்மாவிடம் கொடுத்தார். “கொழந்தை உக்கார முடியாத வண்டி எங்களுக்கு எதுக்குங்க? எடுத்துட்டுப் போயிருங்க.”

எங்களையும் அந்த அம்மாவையும் நன்றி கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்காரர்கள் நாற்காலிகளோடு கிளம்பிப் போனார்கள்.

அடுத்த வாரமே அண்ணன் ஒரு தச்சரைப் பிடித்தார். அக்கா பக்கத்தில் நின்று அளவு சொல்லச் சொல்ல, மரநாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தயாராயின. அந்தச் சிறுமி இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து தானே சோறு அள்ளிச் சாப்பிடுகிறாள். அவள் அம்மா எதற்காக அந்தக் கம்பெனிக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்?