வெளிப் பைப்பும் விநாயகமூர்த்தியும்

என் கணவர் விநாயகமூர்த்தி இருபத்திரண்டு வருடம் ஒரு பண்டகசாலை வாசலில் நின்று, வந்துபோகிற லொறிகளின் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்தவர். ஓய்வு பெற்றபோது மேசைக் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பார்வையைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். கடிகாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். “உள்ளுக்கு என்னத்தை வைச்சுத் தந்திருக்கிறாங்களோ ஆருக்குத் தெரியும்” என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லவரவில்லை. பால் பெட்டியில் உள்ள திகதியை மூன்று முறை வாசிப்பார், அவ்வளவுதான். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனால் ஒரு சப்பாத்தை வாசலுக்கு வலப்பக்கத் தட்டிலும் மற்றதை இடப்பக்கத் தட்டிலும் வைப்பார். ஒற்றைச் சப்பாத்தை எவனும் களவெடுக்கமாட்டானாம். அவரோடு முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். என் மேலும் ஒரு கண் வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வீடு வெக்ஸ்போர்டில் இருக்கிறது. நிலத்துக்குக் கீழே உள்ள பேஸ்மென்றில் ஒன்பது வருடமாகப் பேர்ணடெற் வாடகைக்கு இருக்கிறாள். மன்னார்க்காரி. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் இரவு வேலை செய்துவிட்டு விடியற்காலை ஏழரைக்கு பஸ்ஸால் வந்து இறங்குவாள். மகள் மெலிசா இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். என் குசினிக்கும் அவர்கள் பகுதிக்கும் நடுவே ஒரு படிக்கட்டு, அதன் உச்சியில் ஒரு கதவு. அந்தக் கதவைச் சாத்துவோமே தவிர ஒருநாளும் பூட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேர்ணடெற் மேலே வந்து என்னோடு இருந்து வெங்காயம் உரிப்பாள். இருவருமாக ஊரில் உள்ள எல்லாரையும் ஒரு பிடி பிடிப்போம். ஊரைவிட்டு வந்து குடியேறிய இந்த நாட்டில் எனக்குத் தங்கச்சி என்று ஒருத்தி இருந்தால் அது அவள்தான்.

போன நவம்பரில் இவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. வருடா வருடம் குளிருக்கு முன்னால் தன் கையால் செய்கிற வேலைகளை எல்லாம் கதிரையில் இருந்தபடி ஏவத் தொடங்கினார். ஜன்னல் இடுக்குகளுக்கு நான் ரேப் ஒட்டினேன். மரத்து இலைகளைப் பேர்ணடெற் கூட்டினாள். மெலிசா சீனி கேட்டு மேலே வந்தபோது அவளுக்கும் ஒரு வேலை கிடைத்தது.

“பிள்ளை, வெளியில பைப் இருக்கெல்லோ. குளிருக்கு முந்தி அதை நல்லா மூடிக் கட்டிவிடு. காத்துப் போகப்படாது.”

“ஓகே அங்கிள்.”

தான் வீட்டில் உடுத்துகிற பழைய நீலக்கட்டம் போட்ட சாரத்தையும் கொஞ்சம் கயிற்றையும் எடுத்துக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் மூக்குச் சிவக்க வந்து, வேலை முடிந்தது என்று பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். அவர் எழுந்துபோய்ச் சரிபார்க்காத ஒரே வேலை அதுதான். முழங்கால் விடவில்லை.

தை மாதம் இரண்டாம் கிழமை குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபத்து நான்குக்கு இறங்கியது. ஒருநாள் காலை எட்டு மணிக்கு, வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் நின்றுபோனது. ஃபேர்னஸ் இருப்பது பேஸ்மென்றில், பேர்ணடெற்றின் படுக்கையறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில். இவர் நொண்டிக்கொண்டு இறங்கிப்போய் சுவிட்சை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டார். ஓடியது. அடுத்த நாள் காலை மறுபடி நின்றது. மூன்றாம் நாளும் அப்படியே.

“பேபி, மூண்டு நாளும் எத்தினை மணிக்கு நிண்டது?” என்று என்னைக் கேட்டார்.

“எட்டு மணி இருக்கும்.”

“கீழை இருக்கிறவள் எத்தினை மணிக்கு வாறவள்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “விடியத்தானே குளிர் கூட. குளிருக்கு நிக்குதாக்கும்” என்றேன்.

“குளிருக்கு ஓடத்தானே ஃபேர்னஸ் வைச்சது? குளிருக்கு நிக்கிறதெண்டால் அது என்னத்துக்கு?”

“அவளுக்கு அதை நிப்பாட்டி என்ன லாபம்?” என்று கேட்டேன்.

“சத்தம். ராமுழுக்க வேலை செய்திட்டு வந்து படுக்கிறாள். மெசின் தலைமாட்டிலை இரையுது. நித்திரைக்காக நிப்பாட்டுறாள்.”

இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். மார்கழியில் ஒருநாள் பேர்ணடெற் என்னிடம் சும்மா கதையோடு கதையாகச் சொன்னது ஞாபகம் வந்தது: “உந்த ஃபேர்னஸ் சத்தத்திலை கண்ணை மூடேலாமக் கிடக்கு அக்கா.” அதை நான் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அன்று பின்னேரமே ஃபேர்னஸ் அறைக் கதவில் ஒரு பூட்டுத் தொங்கியது. திறப்பை அவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை, பூட்டுப் பூட்டியபடி இருக்க, ஃபேர்னஸ் நின்றது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தன் எண்ணத்தை மாற்றியிருப்பார்கள்.

“அப்ப அவளிட்டை வேறை திறப்பு இருக்கு” என்றார் இவர்.

திருத்துகிறவனைக் கூப்பிடுவோம் என்று சொன்னால் கேட்கமாட்டார். வருகிறவன் ஒன்றைப் பொருத்தி இரண்டைக் கழற்றிவிட்டுப் போவான் என்பது அவர் கட்சி. நான் இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு, கையுறையோடு பயற்றங்காய் வெட்டினேன். கீழே அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்கப் போனால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயமாக இருந்தது.

சந்தேகம் இவருக்கு வேலையாக இருந்தது. எனக்கு அது தடிமன் காய்ச்சல் மாதிரித் தொற்றிக்கொண்டது. குசினியில் நின்றபடி கீழே காது கொடுக்க ஆரம்பித்தேன். கதவு ஒன்று சாத்துப்பட்டால், எந்தக் கதவு? தண்ணீர் ஓடினால், இந்த நேரத்தில் ஏன்? ஒருமுறை அவள் ஃபேர்னஸ் அறைப் பக்கமிருந்து துவாயோடு வருவதைப் படியில் நின்று கண்டேன். ஒன்பது வருடமாக அந்த அறைக் கதவின் கைபிடியில்தான் அவள் துவாய் காயப்போடுகிறாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் கையில் திறப்பு இருக்கிறதா என்று தேடினேன்.

படிக்கதவில் முந்தின வீட்டுக்காரர் வைத்த கொண்டி ஒன்று பெயின்றோடு பெயின்றாக ஒட்டிக் கிடந்தது. “உதைப் போட்டு வையும், மேலையும் வந்து போறாள்” என்றார் இவர். சொன்னது அவர்தான். கத்தியால் பெயின்றைச் சுரண்டிக் கொண்டியைப் போட்டது நான். அது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை பத்து மணியளவில் படியில் காலடி கேட்டது. மெதுவாக, பாரத்தோடு ஏறுகிற காலடி. கதவின் குமிழ் திரும்பியது. மறுபடி திரும்பியது.

“அக்கா.”

நான் அடுப்படியில் அகப்பையோடு நின்றேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வாய் திறந்து ஓம் என்றால் போதும். சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் காலடி இறங்கிப் போனது. எதுவோ ஒன்று படிக்குப் படி இடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. என்னத்தைக் காவிக்கொண்டு திரிகிறாள் என்று யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை குளிர் விட்டது. மத்தியானம் முன்வாசல் மணி அடித்தது. திறந்தால் பேர்ணடெற், தன் பக்கவாசலால் சுற்றி வந்து, வீட்டுச் செருப்போடு பனியில் நிற்கிறாள். ஒன்பது வருடத்தில் அவள் அந்த மணியை அடித்தது அதுதான் முதல் தடவை.

“அக்கா, சுவருக்குள்ளாலை தண்ணி வருது. கார்ப்பெற் முழுக்க ஊறிப்போச்சு.”

இவர் இறங்கிப்போய் வீட்டுக்கு வருகிற தண்ணீரை ஒட்டுமொத்தமாக நிறுத்தினார். பின்சுவரை ஒட்டிய தண்ணீர்க் குழாய் உறைந்து, குளிர் விட்டதும் வெடித்திருந்தது. மெலிசாவின் புத்தகங்களைக் கட்டில் மேல் அடுக்கியிருந்தார்கள். முழங்கால் வலியும் ஈரக் கால்மேசும் சேர, இவர் மனதில் இத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது.

“ஃபேர்னஸை நிப்பாட்டி நிப்பாட்டி வைச்சால் பைப் வெடிக்காமல் என்ன செய்யும்? இது சரிவராது பேர்ணடெற். மார்ச்சோடை வேறை இடம் பாருங்கோ.”

“நான் நிப்பாட்டினனானோ அண்ணை?” அவள் அவரைப் பார்த்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கார்ப்பெற்றைப் பார்த்தேன்.

“சரி அண்ணை” என்றாள்.

அன்றே சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கும் சிநேகிதி ஒருத்திக்கு போன் எடுத்து இடம் விசாரித்தாளாம். குழாய் வெட்டி ஒட்ட வந்தவனோடு மெலிசா ஆங்கிலத்தில் கதைப்பது கேட்டது. அவள் போய்விடுவாள் என்பது அப்போதுதான் உறைத்தது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மனிதனோடு மட்டும் இருந்து நான் என்ன செய்வேன்?

வியாழக்கிழமை குளிர் திரும்பியது. ஃபேர்னஸ் அடியோடு படுத்துவிட்டது. பேர்ணடெற் அன்று இரட்டை வேலை, வீட்டுக்கே வரவில்லை. அதையும் அவருக்குச் சுட்டிக்காட்டினேன். “எட்டு மணிக்கு நிண்டது. ஆர் நிப்பாட்டினது? நீரோ நானோ?” அவர் சட்டைப் பையைத் தடவித் திறப்பு இருக்கிறதா என்று பார்த்தார். அவரிடம் கேட்காமலே ஆள் ஒருவரை வரவழைத்தேன்.

வந்தவர் பெயர் ஜூலியஸ். எந்த ஊர் என்று இவர் முதல் கேள்வியாகவே கேட்டார். மன்னார் என்றதும் என்னைப் பார்த்து, “அதுதானே” என்பது போலத் தலையை ஆட்டினார். ஜூலியஸ் ஃபேர்னஸைத் திறந்து பார்த்தார், மூடினார். வெளியே போய் வீட்டைச் சுற்றி வந்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் பலகை மாதிரி விறைத்த ஒன்று இருந்தது. நீலக்கட்டம்.

“அண்ணை, உது ஆற்றை சாரம்?”

ஃபேர்னஸ் மூச்சு விடுவதற்கென்று பக்கச் சுவரால் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் பைப்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை இழுக்கும், மற்றது புகையை விடும். அந்த இரண்டையும் சேர்த்துச் சாரத்தால் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. சாதாரணக் குளிரில் துணிக்குள்ளால் எப்படியோ சமாளித்திருக்கிறது. கடுங்குளிரில் அது விட்ட ஆவி துணியிலேயே உறைந்து வாயை அடைத்துவிட்டது.

“மூக்கைப் பொத்திப்போட்டு ஓடு எண்டால் அது எப்பிடி ஓடும்? அது தானா நிண்டதாலை தப்பினீங்கள். அந்தப் புகை வீட்டுக்குள்ளை திரும்பியிருந்தால் எல்லாரும் படுத்த படுக்கையிலையே போய்ச் சேர்ந்திருப்பீங்கள்” என்று ஜூலியஸ் ஏசினார். “பின்னுக்கு மூடவேண்டிய பைப் ஒரு துணியும் இல்லாமல் கிடக்கு. உங்கடை சுவருக்குள்ளை வெடிச்சது அதுதான்.”

இவர் துள்ளி எழுந்தார். “பாத்தீரா பேபி? தாயில்லை, மகள்! மகளைக் கொண்டு செய்விச்சிருக்கிறாள்!”

மெலிசாவைக் கூப்பிட்டோம். அவள் சாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்கள்தானே அங்கிள் சொன்னீங்கள். பைப்பை மூடிக் கட்டு, காத்துப் போகப்படாது எண்டு. ஐ டிட் எக்ஸாக்ட்லி தட்.”

“நான் சொன்னது பைப்பை!”

“யா, பைப்தானே அது!”

“உதில்லை பிள்ளை, தண்ணி வாற பைப். பின்னுக்கு இருக்கிறது.”

“அது ரப் அங்கிள்.”

தண்ணீர் திறக்கிற குழாயை நாங்கள் பிறந்த நாள் முதல் பைப் என்றுதான் சொல்லி வருகிறோம். இங்கே பிறந்த பிள்ளைக்கு அது ரப். பைப் என்றால் நீட்டாக, குழலாக இருக்கிற பைப். இவர் சொன்ன சொல் ஒன்றுதான். அதைக் கேட்டு அந்தப் பிள்ளை ஒரு பைப்பைக் கட்டி ஃபேர்னஸை நிறுத்தியது, மற்றப் பைப்பைக் கட்டாமல் விட்டுச் சுவரை நனைத்தது. ஒரு குளிர்காலத்துக் குற்றம் முழுவதும் இவருடைய வாயிலிருந்து புறப்பட்டு, இவருடைய சாரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து நின்றது. சாரம் வெக்கையில் இளகி நிலத்தில் தண்ணீர் சொட்டியது.

“அம்மா பாவம் அன்ரி” என்றாள் மெலிசா. “சனிக்கிழமை எங்கடை ரெண்டு ஹீற்றரிலை சின்னதைத் தூக்கிக்கொண்டு மேலை வந்தவா. அன்ரிக்குக் கை விறைக்கும், எங்களுக்கு ஒண்டு போதும் எண்டு. டோர் லொக் பண்ணியிருந்துதாம்.”

படிக்குப் படி இடித்த சத்தம் என் காதுக்குள் மறுபடி கேட்டது.

பேர்ணடெற் வேலையால் வந்ததும் இவர் கீழே போனார். பூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “பிழை என்ரை. நான் சொன்னதை மனசிலை வைச்சிருக்காதேங்கோ. எங்கையும் போகவேண்டாம்” என்றார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் வாயால் பிழை என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. பிறகு நொண்டி நொண்டி மேலே போய்விட்டார். நான் நின்றேன்.

“போகாதை பேர்ணடெற்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் துவாய்களை மடித்துக்கொண்டே பேசினாள். “அண்ணை சந்தேகப்படுவார் எண்டு எனக்கு ஒன்பது வருசமாத் தெரியும் அக்கா. அவர் என்னைச் சந்தேகப்பட்டது எனக்குப் பெரிசில்லை. அவர் தபால்காரனையும்தானே சந்தேகப்படுறவர்.” கடைசித் துவாயை அடுக்கின் மேல் வைத்தாள். “சனிக்கிழமை நீங்கள் கதவடியிலைதான் நிண்டனீங்கள். சோத்து மணம் வந்தது.”

மெலிசாவின் படிப்பை நடுவில் குழப்பக்கூடாது என்பதற்காக அவர்கள் போகவில்லை. இவரிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். படிக்கதவில் தன் பக்கத்திலும் ஒரு கொண்டி வேண்டும் என்றாள். ஏன், எதற்கு என்று இவர் கேட்கவில்லை. மறுநாளே வாங்கி வந்து, முழங்காலை ஒரு படியில் ஊன்றிக்கொண்டு பொருத்திக் கொடுத்தார்.

என் பக்கத்துக் கொண்டியை நான் கழற்றி எறிந்துவிட்டேன். அது இருந்த இடத்தில் நாலு ஆணித் துவாரம் மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு நான்தான் இப்போது படிக்கதவடிக்குப் போகிறேன். கதவைத் தட்டிவிட்டு, அவள் தன் பக்கத்துக் கொண்டியை எடுக்கும்வரை என் குசினிக்குள்ளேயே நிற்கிறேன். சில நாட்களில் உடனே திறக்கிறாள்.