லேமினேஷன் போட்ட பாஸ்போர்ட்

பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் விசாக்கா ஆளைப் பார்ப்பதில்லை. கட்டைவிரலால் புரட்டிக் கடைசித் தேதியைத்தான் பார்ப்பாள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் வந்த வழியே மேசையில் வழுக்கிக்கொண்டு திரும்பும். "புதுப்பிச்சிட்டு வாங்க. நாலு நாள்ல வந்துடுவேன்னு எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? சட்டம் நானா போட்டேன்?"

தூதரகத்துக்கு எதிர்ச் சந்தில், இரண்டு நாற்காலி போட்டால் நிரம்பிவிடும் கடை. விசா விண்ணப்பம் நிரப்பித் தருவது தொழில்; திட்டு இலவசம். "ஊர் சுத்தத்தானே போறீங்க? அப்புறம் எதுக்கு, வேலை கிடைச்சா பாப்பேன்னு தூதரகத்துல போய் உளறுறீங்க?" வெள்ளைப் பின்னணி என்றால் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, தலை மட்டும் மிதக்கிற போட்டோவோடு வந்து நிற்பார்கள். விசா வருமுன் டிக்கெட் வாங்காதீர்கள் என்று அவள் சொல்லாத நாளில்லை. எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அன்று வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கூடவே மனைவி. பனி கொட்டுவதைப் பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் வெகுநாள் ஆசை. அடுத்த மாதத்துக்கு டிக்கெட்டும் வாங்கியாயிற்று. விசாக்கா எது கேட்டாலும் கண்டக்டரே முந்திக்கொண்டார். அந்த அம்மாளின் பிறந்த ஊரைக்கூட அவர்தான் சொன்னார்.

அவருடைய பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கம் பளபளவென்று விறைத்து நின்றது.

"என்ன சார் இது?"

"லேமினேஷன் போட்டேன். பனியில நனைஞ்சிடக் கூடாதில்ல?"

விசாக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. இது இனிமே செல்லாது சார். புதுசு எடுத்து, அதுக்கப்புறம் விசா போட்டு... உங்க டிக்கெட் தேதிக்குள்ள ஒண்ணும் நடக்காது. அம்மாவோடதையும் பாழாக்கிட்டீங்களா?"

"கேட்டேன். குடுக்கமாட்டேன்னு ஒரே பிடிவாதம். சரி விடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவர் விட்டாலும் விசாக்காவுக்கு விட மனமில்லை. தப்பு யாருடையது, தண்டனை யாருக்கு?

அதுவரை வாய் திறக்காத அந்த அம்மாள் கைப்பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். "நான் மட்டும் போனா விடுவாங்களாம்மா?"

"தனியா எப்படிப் போவ?" என்றார் கண்டக்டர்.

"தாராளமா விடுவாங்க" என்றாள் விசாக்கா.

விண்ணப்பத்தை மளமளவென்று நிரப்பினாள். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் கண்டக்டர்தான் கையை நீட்டினார். அந்தக் கையைத் தாண்டி, பேனாவை அந்த அம்மாளிடம் கொடுத்தாள்.