எந்த முகவரி சொன்னாலும் திறக்கும் கதவு

கம்ப்யூட்டர் எதிர்பாராத எதையாவது காட்டினால் மற்றவர்கள் அதை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். எனக்கு அது என்னவென்று தெரியாமல் டீ இறங்காது. பிறவிக் கோளாறு.

கிழக்குத் தாம்பரத்தில், ஒரு ஃபேன்சி ஸ்டோருக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. எல்லோரும் பென் டிரைவைக் கழுத்தில் தாலி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த காலம். வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைத் திரையில் காட்டும் கருவி செய்துகொண்டிருந்தோம். கர்ப்பிணியின் வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட், அதிலிருந்து ஒரு வயர், கம்ப்யூட்டருக்குள் நாங்கள் செருகிய ஒரு கார்டு, அவ்வளவுதான். திரையில் எண்ணையும் கோட்டையும் காட்டும் புரோகிராம் என்னுடையது. கார்டுக்கும் அதற்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிவிடும் டிரைவர் என்ற குட்டி புரோகிராம் என் நண்பன் எழுதியது. காட்டாங்குளத்தூர் காலேஜில் அவனும் நானும் ஒரே வகுப்பு.

சாதாரண புரோகிராம் மெமரியில் தனக்குக் கொடுத்த இடத்தை மட்டும்தான் தொட முடியும். மிச்சமெல்லாம் கம்ப்யூட்டரையே ஆளும் கெர்னல் என்ற மூலப் புரோகிராமின் காவலில். டிரைவரோ அந்தக் கெர்னலுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், எந்த இடத்தையும் தொடும். கார்டின் மெமரி இருக்கும் முகவரியைச் சொல்லி "திறந்துவிடு" என்று என் புரோகிராம் கேட்கும், அது திறந்துவிடும்.

ஒரு நாள் மத்தியானம் முகவரியைத் தப்பாக அடித்துவிட்டேன். "அப்படி ஒரு இடமில்லை, போ" என்று பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துடிப்புக் கோட்டுக்குப் பதிலாகத் திரை முழுக்கக் கிறுக்கல். விடுவேனா? அதை எழுத்தாக மாற்றிப் பார்த்தேன். குப்பைக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு வண்டலூர் ஜூவுக்குப் போகலாமா என்று அக்காவுக்குக் கொஞ்சம் முன்னால் நான் அடித்த மெயில்! அடக் கடவுளே, என் மெயிலுக்கும் அந்தக் கார்டுக்கும் என்ன சம்பந்தம்? இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். நேற்றைக்கு மூடிய ஏதோ ஒரு பக்கத்தின் துண்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூட்டிக் கிடக்கிறதென்று நினைத்த வீடு முழுக்கச் சுற்றி வந்தேன்.

நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தாயே, அந்த டிரைவர்கிட்ட பேசப்போறது உன் புரோகிராம் மட்டும்தான். நீ ஒழுங்கா கேளு, அது ஒழுங்கா குடுக்கும்."

"வேற யாராவது தப்பா கேட்டா?"

"எவன் கேப்பான்? ஆளை விடு."

எங்கள் ஃபிளாட்டில் ஒரு வாட்ச்மேன் எந்த வீட்டு நம்பரைச் சொன்னாலும் சாவியை எடுத்து நீட்டினால் நாம் சும்மா இருப்போமா? அவனுடைய டிரைவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சோதனைக்காகச் சேலையூர்ப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் முதல் கருவியை வைத்திருந்தோம். "சார், பர்மிஷன் இல்லைன்னு வருது சார்" என்று அங்கிருந்து தினமும் போன். போன் தொல்லை தாங்காமல், யார் வேண்டுமானாலும் டிரைவரிடம் பேசலாம் என்று மாற்றிவிட்டு வந்திருந்தான். போன் நின்றது. அதே கம்ப்யூட்டரில்தான் அங்கே பாட்டு ஓடும், கேம் ஓடும். எவன் பென் டிரைவில் எது வருமோ, யாருக்குத் தெரியும்?

படிக்க முடிகிறதே, எழுதவும் முடியுமா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்த அதிகாரமும் இல்லாத சாதாரண லாகின் ஒன்றில் நுழைந்து சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். துடிப்பின் எண் மெமரியில் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. பிறகு அவனைக் கூப்பிட்டேன். பெல்ட் மேஜை மேல் சும்மா கிடந்தது. திரையில் பூஜ்யம். நான் ஒரு பட்டனைத் தட்டினேன். பூஜ்யம் நூற்று நாற்பத்திரண்டு ஆனது, வயிற்றில் நலமாக இருக்கும் குழந்தையின் துடிப்பு.

அவன் பெல்ட்டைத் தூக்கி அடியில் பார்த்தான். "செம மா! எப்டி பண்ண?" என்று சிரித்தான். சொன்னேன். சிரிப்பு பாதியில் நின்றது.

அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். பிரசவம் அதே நர்சிங் ஹோமில். "நம்ம மெஷின் இருக்கு, பயமே இல்ல" என்று மாமியார் வீட்டில் பெருமை அடித்து, அவர்கள் பார்த்து வைத்திருந்த ஆஸ்பத்திரியை வேண்டாமென்று சொன்னவனும் அவன்தான்.

"உள்ள துடிப்பு நின்னுட்டா கூட..." என்று ஆரம்பித்தான்.

"நூத்தி நாப்பத்திரெண்டுன்னு காட்டும்," என்றேன். என் நாக்கில் சனி. அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்லியிருக்கக் கூடாதென்று தோன்றியது.

அவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நர்சிங் ஹோமுக்குப் போய்க் கருவியைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினான். பைக் அங்கேயே நின்றது. "ஆர்டர் போச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?" என்று முதலாளி கத்தினார். அவன் உட்கார்ந்து டிரைவரில் நாலைந்து வரி சேர்த்தான். கேட்கிற முகவரி எங்கள் கார்டுடையதுதானா? கேட்கிற அளவு அதற்குள் அடங்குகிறதா? இல்லையென்றால் கிடையாது. கேட்கும் உரிமையும் எங்கள் புரோகிராமுக்கு மட்டும். நான் பழைய குறும்பையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்து பார்த்தேன். கதவு திறக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அதன்பிறகுதான் கருவி திரும்பப் போனது.

வலி கண்ட அன்று காலையில் ஃபிளாஸ்க்கில் காபியோடு நானும் போயிருந்தேன். அவன் மனைவியின் வயிற்றில் எங்கள் பெல்ட். திரையில் என் கோடு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. எண் நன்றாகவே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"சிஸ்டர், நீங்க ஒரு தடவ அந்தக் குழல வயித்துல வெச்சு, உங்க காதால கேட்டுச் சொல்லுங்களேன்."

நர்ஸ் சிரித்துவிட்டார். "எதுக்கு சார்? அதான் மெஷின் காட்டுதே. நீங்க பண்ணதுதானே?"

"நான் பண்ணதுதான் சிஸ்டர்," என்றான். "அதான் கேக்கறேன்."