மந்திரியைத் திட்ட எழுந்த மாமனார்

கேரளப் பிறவி நாளுக்கு எல்லையோரத்திலுள்ள எங்கள் முதலமடை வாசகசாலையில் ஒரு விவாதம் வைத்தார்கள். இந்த மாநிலத்தின் வரலாற்றை அதிகம் மாற்றியவர் யார் என்பது தலைப்பு. பழைய காலத்து ராஜா ஒருவர், சாதியை எதிர்த்த துறவி ஒருவர், நிலச் சட்டம் கொண்டுவந்த மந்திரி ஒருவர் என்று மூன்று கட்சி. யாருக்காக யார் பேசுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். என் கணவருக்கு மந்திரி விழுந்தார்.

அங்கேதான் வம்பு. என் மாமனாரின் அப்பா ஆற்றோரத்து வயலை இழந்தது அந்தச் சட்டத்தில்தான். வயல் அதை உழுதுவந்த குத்தகைக்காரருக்கே போய்விட்டது. அந்த மந்திரியின் பேச்சு வந்தாலே மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிடுவார்.

"ஏனுங்க, சீட்ட மாத்திக்கக் கூடாதுங்களா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ராசா யாருக்கு வந்திருக்குன்னு தெரியுமா உனக்கு?"

அந்தக் குத்தகைக்காரரின் பேத்திக்கு. எங்கள் பக்கத்துத் தோட்டம்தான், என் சிநேகிதியும்கூட. நிலம் போன வீடு மந்திரிக்காகவும், நிலம் வந்த வீடு ராஜாவுக்காகவும் வாதாட வேண்டும். வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கணவர் மாந்தோப்பில் மரங்களைப் பார்த்துப் பேசிப் பழகினார். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனாலும் விவாதத்தன்று மாமனார் சலவை வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கணவர் மைக்கைப் பிடித்து "சட்டம்" என்றார். தண்ணீர் குடித்தார். மறுபடி "சட்டம்" என்றார். ஏதோ முனகிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என் சிநேகிதியோ ராஜாவின் கோட்டை, சாலை, பள்ளிக்கூடம் என்று வெளுத்து வாங்கினாள்.

நடுவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மலையாளி. "சபையில யாருக்காவது அபிப்பிராயம் உண்டோ?" என்று கேட்டார்.

மாமனார் எழுந்தார்.

"அந்த மந்திரியப் பத்தி நாஞ் சொல்றனுங்க. ராசா எங்கூட்டுப் பக்கம் வந்தாரா? இல்லீங்க. சாமியாரு? அவரும் வரலீங்க. இந்த ஆளு ஒரு சட்டத்தப் போட்டான், எங்கூட்டு வயலு போச்சு. அது போகலீன்னா எம் பையனயும் ஏரு புடிக்கத்தான் உட்டிருப்பேன். வேற வழியில்லாம காலேசுக்கு அனுப்புனேன். எங்கப்பன் முன்னால கைகட்டி நின்னவரு பேத்தி, இன்னைக்கு எம் பையனயே பேச்சில தோக்கடிக்குது. அத்தனையும் தலைகீழாப் பொரட்டிப்போட்டது அவந்தானுங்க! வேற எவன்..."

சட்டென்று நிறுத்தினார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியது என் சிநேகிதி.

"அப்போ மந்திரி ஜெயிச்சு" என்றார் நடுவர்.

"ஏனுங்க, நா அவனத் திட்டறதுக்குத்தானுங்க எந்திரிச்சேன்!"

"திட்டியாலும் வாதம் சரிதானல்லோ."

ஜெயித்தவருக்கென்று வைத்திருந்த பொன்னாடையை நடுவர் மாமனாருக்கே போர்த்தினார். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும் என் சிநேகிதி, "எங்க ராசாவ இப்புடிக் கவுத்துப்போட்டீங்களே" என்றாள்.

"நீ நல்லாத்தான் பேசுன அம்மிணி. ராசாகிட்டத்தான் சரக்கு இல்ல" என்றார்.

பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "டேய், நீ பேசுனதுதான் கேக்கச் சகிக்கல."

"நீங்க முன்னால உக்காந்துட்டு மொறச்சா எப்புடிப் பேசறதுங்கப்பா?"

"அப்ப அடுத்த வருசம் நானே பேசிக்கறேன்."

எந்தக் கட்சிக்கு என்று கேட்க எனக்கும் கணவருக்கும் தைரியம் வரவில்லை.