ஆடாத பாயும் ஆடுகிற கம்பமும்

கள்ளக்குறிச்சியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அப்துல்லாவை யாரும் பேர் சொல்லித் தேடுவதில்லை. "ஆடாத பாய் கடை எது?" என்றால் சின்னசேலம் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள்கூட வழி காட்டுவார். அவர் போட்ட கேட், கட்டில், பந்தல் கால் எதுவும் ஆடாது. வேலை முடிந்ததும் மஞ்சள் பெயின்டில் தன் பேரை எழுதிவிட்டுத்தான் கையைத் துடைப்பார். டீக்கடை பெஞ்சு ஆடினால்கூட மனுஷருக்கு டீ இறங்காது. அட்டையை மடித்துக் காலுக்கடியில் சொருகிவிட்டுத்தான் உட்காருவார்.

அப்பேர்ப்பட்டவரிடம் வந்து சேர்ந்தார் பாலிடெக்னிக் வாத்தியார் செழியன். கல்வராயன் மலையில், கரண்ட் லைன் இன்னும் போய்ச் சேராத ஒரு கொட்டாயில் தைலம்மாளின் ஆட்டுப்பட்டிக்கு ஒரு பல்பு எரிய வேண்டும். இருட்டில் நரி வந்து குட்டிகளைத் தூக்கிப் போகிறது. அதற்காக றெக்கை இல்லாத காற்றாலை வைக்கப்போகிறாராம். ஒரே ஒரு கம்பம். காற்றில் அது ஆட ஆட அடியில் கரண்ட் வரும்.

"ஆடணுமா?" அப்துல்லாவின் முகம் செத்துவிட்டது. "ஏன் சார், எம் பேரக் கெடுக்கறதுக்குன்னே வந்தீங்களா?"

"ஆட்டுக்குத்தான் பாய் கம்பம். அது ஆடுனாத்தான் கரண்டு."

ஒப்புக்கொண்டார். ஆனால் கை கேட்டால்தானே! மலையில் கம்பத்தை நட்டதும், செழியன் ஒயர் இழுக்கப் போன நேரம் பார்த்து, நாலு பக்கமும் இரும்பு முட்டுக் கொடுத்து இறுக்கிவிட்டார். சாயங்காலம் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. கம்பம் அசையவில்லை. பல்பும் எரியவில்லை.

"இன்னா பாயி, மரம் ஆடுது, எம் பொடவ ஆடுது, உன் கம்பம் மட்டும் மொறச்சிக்கினு நிக்குது?" என்றாள் தைலம்மாள். அவள் இடுப்பில் ஒரு குட்டி. அதன் கூடப் பிறந்ததை முந்தாநாள்தான் நரி கொண்டுபோயிருந்தது.

அந்தக் குட்டியைப் பார்த்ததும் அப்துல்லாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. தான் கொடுத்த முட்டுகளைத் தானே ஸ்பானர் போட்டுக் கழற்றினார். கடைசி முட்டு கழன்றதுதான் தாமதம், கம்பம் கிடுகிடுவென்று ஆட, பல்பு எரிந்தது.

"பேரு எழுதலியா பாய்?" செழியன் சும்மா இருக்காமல் சீண்டினார்.

எழுதாவிட்டால் அது யார் வேலை என்று எப்படித் தெரியும்? அப்துல்லா பிரஷ்ஷை எடுத்தார். கம்பம் நின்றால்தானே எழுத! "கொஞ்சம் கெட்டியா புடிம்மா" என்றார். தைலம்மாள் குட்டியை இறக்கிவிட்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தாள். பல்பு அணைந்தது. பட்டியில் ஆடுகள் கத்தின.

"பேரு வேணுமா, வெளிச்சம் வேணுமா? சட்டுனு சொல்லு பாயி!"

"வுட்ருமா, வுட்ரு."

ஆடுகிற கம்பத்திலேயே எழுதினார். எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போனது. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், "ஆடாத பாய் பேரே ஆடிப்போச்சே!" என்று பட்டறை வாசலில் நின்று சிரிக்கிறார்கள். அவருக்குக் கோபம் வருவதில்லை.

"குட்டிங்க எல்லாம் நல்லாகீதா?" என்று மட்டும் கேட்கிறார்.