கொழுந்தனுக்கென்று வைத்த பெருங்காய டப்பா

கண்ணைக் கட்டி எங்கள் தெருவில் இறக்கிவிட்டாலும் பெருங்காயக்காவின் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்துவிடலாம். மூக்கு இருந்தால் போதும். அக்காவின் துணியில் பெருங்காயம், கூந்தலில் பெருங்காயம், மீதி கொடுக்கிற சில்லறையில்கூடப் பெருங்காயம். பேருந்தில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். அதற்கடுத்த நிறுத்தத்தில் இறங்குவார்.

ஆனால் அவள் எண்ணெய் காய்ச்சி, பெருங்காயம் போட்டு, பருப்பில் கொட்டுகிற அந்தச் 'சொய்ங்' கேட்டால் பல் பிடுங்கிக்கொண்டு வந்தவன்கூட ஒரு தட்டு போடச் சொல்லுவான்.

அந்தக் கடையைத்தான் கொழுந்தன் பாதியாக அறுத்தான். அக்காவின் புருஷன் பெரியவர், தம்பி கேட்டால் கட்டியிருக்கிற வேட்டியையும் அவிழ்த்துக் கொடுக்கிற ரகம். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு விழுந்தது. தெருவைப் பார்த்த பாதி தம்பிக்கு. பின்னால் சந்துப் பக்கத்துப் பாதி அண்ணனுக்கு. அதோடு விட்டானா? கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அங்க போகாதீங்க சார், அண்ணி கை பட்டா தண்ணியே நாறும்" என்று சிரிப்பான். அக்கா தடுப்புக்கு இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். வெங்காயம் கூழாகிவிடும்.

இதில் கூத்து என்னவென்றால், அவன் தாளிப்பதும் அக்காவின் பெருங்காயத்தில்தான். பின்பக்கத்து அலமாரி இரண்டு பேருக்கும் பொது. விடிந்ததும் விடியாததுமாக வந்து அவள் டப்பாவில் கரண்டியை விட்டு அள்ளிக்கொண்டு போவான். நாற்றம் அவளுடையது, ருசி அவனுடையது!

இந்த நேரத்தில்தான் தையல் கம்பெனியிலிருந்து சேதி வந்தது. தொழிலாளிகளுக்கு மதியச் சாப்பாடு வெளியிலிருந்து எடுக்கப்போகிறார்கள். கேன்டீன் மேடம் வெள்ளிக்கிழமை மதியம் வந்து இரண்டு கடையிலும் சாப்பிட்டுப் பார்ப்பார். பிடித்த கடைக்கு ஆர்டர். கிடைத்தால் சந்துக்குள் முடங்கிக் கிடக்கிற அக்கா தலை நிமிரலாம்.

அக்கா ஆர்டரைப் பற்றி யோசித்த மாதிரியே தெரியவில்லை. மொத்தக் கடைக்குப் போய்ச் சுத்தமான பெருங்காயப் பிசின் வாங்கி வந்தாள். கடைகளில் விற்கிற தூளில் முக்கால்வாசி மாவுதான்; அதைத்தான் கரண்டியால் அள்ளுவார்கள். அசல் பிசின் என்றால் கடுகளவு போதும். அக்கா அதைத் துணியில் சுற்றி, சுத்தியலால் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் கொழுந்தனின் உடம்பில் ஒவ்வொரு இடத்தைச் சொன்னாள். அச்சில் ஏற்றக்கூடிய இடங்கள் முழங்காலும் முதுகும் மட்டும்தான்.

இடித்ததைப் பழைய டப்பாவில் கொட்டினாள். தன் பங்கு மாவுத்தூளை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பெரியவர் பதறிப்போனார். "ஏம்மா, அவன் வழக்கம்போல கரண்டி நிறைய அள்ளிப் போட்டுட்டான்னா?"

"போடட்டும்."

"என் தம்பிம்மா."

"அதனாலதான் சுத்தியல பெருங்காயத்தோட நிறுத்தினேன்."

வெள்ளிக்கிழமை விடியலில் கொழுந்தன் வந்தான். மேடம் வருகிற நாளாயிற்றே என்று வழக்கத்துக்கு மேல் இன்னொரு கரண்டியும் அள்ளினான். அரை இருட்டில் நிறம் யாருக்குத் தெரியும்? எடுக்கும்போதே கண்ணில் நீர் வந்திருக்கிறது. 'நல்ல சரக்கு' என்று சந்தோஷப்பட்டானாம்.

மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் அவன் எண்ணெயில் அதைக் கொட்டினான். அடேயப்பா! காக்கைகள் ஊரைக் காலி செய்தன. எதிர்வீட்டுத் தொட்டில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தது. சாப்பிட உட்கார்ந்தவர்கள் இலையோடு தெருவுக்கு ஓடினார்கள். கொழுந்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு பருப்பை ஒரு வாய் வைத்துப் பார்த்தான். கசப்பில் அவன் முகம் பிழிந்த துணியாகச் சுருங்கியது.

அக்கா தடுப்பில் காதை வைத்து, கண்ணை மூடி, பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்தத் தடுப்பு கூரைவரை போகவில்லை. நாற்றம் மேலே ஏறி, இந்தப் பக்கம் இறங்கி, அவள் சோற்றுப் பானை மேலும் கால் நீட்டி உட்கார்ந்தது. காலமெல்லாம் பெருங்காயத்தில் ஊறிய மூக்கு, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வந்த மேடம், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அக்காவின் வாசற்படியிலேயே நின்றார்.

"இந்தக் கடையும் நாறுதே! ரெண்டுமே ஒரே கூரைதானா? எனக்கு ரெண்டும் வேணாம்."

வண்டி திரும்பிப் போயிற்று. கொழுந்தன் சந்துக்குள் ஓடி வந்தான்.

"அண்ணி, என்னத்தக் கலந்து வச்சீங்க?"

"என் டப்பாவுல என்ன இருந்தா உனக்கென்ன? நீதான் என் பெருங்காயத்தத் தொடவே மாட்டியே. நாறுமே!"

அவன் அவசரமாகத் திரும்பிப் பார்த்தான். சுற்றி நின்ற கூட்டம் கேட்டுவிட்டது.

"உங்க ஆர்டரும்தான் போச்சு, அண்ணி!"

பெரியவர் தலையில் கை வைத்து, "ஆமாம்மா, நமக்கும் போச்சே" என்று முனகினார்.

"நமக்குப் போனா போகட்டும். அவனுக்குப் போச்சா இல்லையா? அதச் சொல்லுங்க."

"போச்சும்மா."

"அப்போ ஒரு தட்டு போடுங்க. காலையிலேர்ந்து பட்டினி."

கொழுந்தன் கண்ணெதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள் அக்கா. ஆளே வராத கடையில் மூன்று தரம் சோறு கேட்டு வாங்கி, விரல் விரலாக நக்கிச் சாப்பிட்டாள்.